கடைப் பொண்ணு

வெதுருகுப்பம்
8-10-2024

திருப்பதி கடை மேடத்துக்கு,

உன் அக்கா கன்னிகா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. நீ நலமா? கடை நலமா? நான் நலமில்லை.

போனை ஏன் அணைத்து வைத்திருக்கிறேன் என்று வேன்கார பவன்குமாரிடம் கேட்டு அனுப்பினாயாம். போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. உன் நம்பரை மட்டும் பிளாக் பண்ணியிருக்கிறேன். நீ "அக்கா" என்று இழுத்தால் எனக்குக் கோபம் இறங்கிவிடுகிறது. சின்னதிலிருந்தே அப்படித்தான். என் மகள் போனபிறகு எனக்கென்று மிச்சம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் உன்னிடம் கொடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுது. படிக்க நேரமாகும், ஆனால் படிப்பேன்.

சனிக்கிழமை உதயாவுக்குப் பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. நம் காலனியில் அன்றைக்கு யாரும் மலைக்குக் கிழங்கு தோண்டப் போகவில்லை. செங்கல் சூளையில் நம்மோடு கல் அறுத்தவர்கள் பள்ளிப்பட்டிலிருந்து, நகரியிலிருந்து எல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. "உன் தங்கச்சி எங்க? திருப்பதிலதான கீது?" பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். திருப்பதியிலிருந்து நம் ஊருக்கு பஸ் கிடைக்கவில்லையாம்! நம்மோடு கிழங்கு சீவுகிற சென்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சோறு போடப் போய்விட்டாள்.

நீ வளர்த்த பொண்ணு. இரண்டு வருஷம் உன் வீட்டில் தூங்கி, காலையில் காலேஜ், சாயங்காலம் உன் கடை என்று இருந்த பொண்ணு. அவள் கருமாதிக்கு நீ வரவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். நான் மலையில் இருந்தேன், அங்கே டவர் இல்லை, தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும்போது அவளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அது வரைக்கும் அவள் பக்கத்தில் யார் இருந்தது? கடைசியில் வாயில் தண்ணீர் விட்டது யார்? இதை எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

கன்னிகா


திருப்பதி
14-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்பனா எழுதுவது. நான் இங்கே நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. நீ சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கருமாதிக்கு வராதது என் தப்புதான். பிரம்மோற்சவம் அக்கா. ஊர் முழுக்க ஜனம். வருஷத்தில் இந்த நாட்களில்தான் நம் சரக்கு விற்கும் என்று உனக்கே தெரியும். கடையில் இருந்த பெண்ணும் இல்லை, நான் ஒருத்திதான். ஒரு நாள் கடையை அடைத்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். நம் காலனி பதினோரு வீடும் இந்தக் கடையை நம்பித்தானே இருக்கிறது?

உதயாவை நினைக்காத நேரமில்லை. அவள் கோத்து வைத்த பூ இன்னும் கல்லாப்பெட்டி மேல் காய்ந்து கிடக்கிறது, எடுக்க மனசு வரவில்லை.

பவன்குமார் வேனில் அரிசி மூட்டை அனுப்பியிருக்கிறேன். திரும்பும்போது மாகாளிக்கிழங்கு ஊறுகாய் ஜாடியும் நன்னாரி சர்பத்தும் ஏற்றிவிடு. நம் கடை வாடிக்கை வைஜயந்தி மாமி பெங்களூரில் இருக்கிற அவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மாமி உன் துக்கத்தை விசாரித்தார்.

அன்புடன்,
கல்பனா


வெதுருகுப்பம்
19-10-2024

கோதை இல்லம் முதலாளி அம்மாவுக்கு,

கன்னிகா எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இங்கே நல்ல மழை. அரிசி வந்தது. சென்னம்மா வீட்டில் இறக்கச் சொல்லிவிட்டேன். உன் அரிசி என் தொண்டையில் இறங்காது.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது ஒரு பக்கம். அதில் என் முழங்கால் இருக்கிறது, பிரம்மோற்சவம் இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது. என் மகள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. "கடையில் இருந்த பெண்ணும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். யாரடி கடையில் இருந்த பெண்? உன் அக்கா பெற்றது அது.

ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மடிசார் கட்டி, கொண்டை போட்டு, நெற்றியில் கோடு இழுத்து ஒரு அம்மா சிரிக்கிறாள். கீழே கோதை இல்லம் என்று பேர். யாருடைய இல்லம்? நம் வம்சத்தில் யார் மடிசார் கட்டினார்கள்? அந்த அம்மா மாகாளிக் கொடியைப் பார்த்திருப்பாளா? கடப்பாரை பிடித்திருப்பாளா? அந்தக் கிழங்கின் மூட்டைப்பூச்சி வாசனை மூன்று நாள் கையை விட்டுப் போகாதே, அது அவளுக்குத் தெரியுமா? இது வரைக்கும் எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் இல்லை. வியாபாரத்துக்கு ஒரு பொம்மை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். உதயாதான் ஒருமுறை சொன்னாள், "அக்கா, அங்க நான் அவங்கள மேடம்னு கூப்டணுமாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

நான் இந்தத் தொழிலை ஆரம்பித்தது நீ கடை வைக்க இல்லை. நம் ஜனம் மறுபடி சூளைக்குப் போகக் கூடாது என்று ஆரம்பித்தேன். சூளையில் மேஸ்திரி நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய் இருளச்சி" என்பான். உன் கடையில் அந்தப் பேர்கூட இல்லை.

நீ பதில் எழுதும் வரைக்கும் கிழங்கு வராது. ஜாடி இங்கேயே இருக்கட்டும், ஊறட்டும்.

கன்னிகா


திருப்பதி
12-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்பனா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு நடுவில் காய்ச்சல், இப்போது தேவலை. அதனால்தான் உடனே எழுதவில்லை.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். டாக்டர்கள் தங்களால் ஆனது எல்லாம் செய்தார்கள். டெங்கு அக்கா. ரத்தத்தில் அணுக்கள் வேகமாகக் குறைந்துவிட்டன. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு வலி இல்லை, மயக்கத்தில்தான் இருந்தாள் என்று சொன்னார்கள். நான் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வைஜயந்தி மாமியின் காரில்தான் அவளைக் கொண்டுபோனேன், அந்த உதவியை மறக்க முடியாது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சரக்கை நிறுத்தினால் கஷ்டப்படப் போவது நான் மட்டும் இல்லை. சென்னம்மாவை நினைத்துப் பார். கடை அலமாரி பாதி காலியாகிவிட்டது. வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினது இது.

நேரில் வந்து உன்னைப் பார்க்கட்டுமா?

கல்பனா


வெதுருகுப்பம்
20-11-2024

உதயாவின் அம்மாவுக்கு,

கவர் மேலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரர் குழம்பினால் குழம்பட்டும்.

நலம் கேட்க எனக்கு இன்றைக்கு முடியவில்லை.

"சொன்னார்கள்" என்று எழுதியிருந்தாய். வலி இல்லை என்று சொன்னார்கள், மயக்கத்தில் இருந்தாள் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலேயே இருந்தவளுக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? அந்த ஒரு வார்த்தையை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அப்புறம் சென்னம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். உன் கடைத் தெரு வழியாகத்தான் போனோம். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் உதயா படுத்திருந்த வார்டில் கூட்டிப் பெருக்குகிற அம்மா, பேர் யசோதா. நம் பக்கத்துப் பேச்சுதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ யாரும்மா?"

"புரட்டாசி ஆரம்பத்துல டெங்குவுல போச்சே, உதயான்னு ஒரு பொண்ணு. அதோட அம்மா."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தோ பாரும்மா, மனச வுட்றாத. உன்ன நெனச்சிக்கினேதான் போச்சு அந்தப் பொண்ணு. அம்மா அம்மான்னு வாசக்கதவையே பாத்துக்கினு இருந்துச்சு. கடைசி வரைக்கும் வேற பேச்சே இல்ல."

சென்னம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "கூட யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரு இருந்தா? கடைக்காரம்மா ஒருத்தங்க கூட்டியாந்தாங்க, ஒரு ஐயிரம்மாவும் கூட வந்துச்சு. நர்சம்மா கேட்டாங்க, நுவ்வு ஏமவுதாவு, நீ இன்னா வேணும் அதுக்குன்னு. மா ஷாப் அம்மாயின்னு சொல்லிச்சு அது. எங்க கடைப் பொண்ணுன்னு. அப்ப சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க, ஒருத்தரத்தான் உள்ள வுடுவோம், நீங்க வெளிய இருங்கன்னு நர்சம்மா அனுப்பிட்டாங்க. எங்களுக்கு ரூல்சு அது."

"பொண்ணு அத கேட்டுச்சா?"

"பக்கத்துலதான படுத்திருந்துச்சு. முழிச்சிக்கினுதான் இருந்துச்சு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாந்தாம்மா வாய் நனைச்சேன். தப்பா நெனச்சிக்காத, எனக்கும் பொண்ணுங்க கீதுங்க" என்றாள்.

அவள் காலில் விழுந்துவிட்டு வந்தேன்.

கல்பனா, யசோதாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உதயா என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. நீ என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு அவளுக்கும் நான் அக்காதான். நான் சூளையில் கல் அறுக்கும்போது பதிமூன்று வயதில் அவளை இடுப்பில் சுமந்தது நீ. சோறு ஊட்டினது நீ. அவள் வாயில் முதலில் அம்மா என்று வந்தது உன்னைப் பார்த்துத்தான். எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, வெளியே சொல்லவில்லை. பெரியவளானபிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. உன் கடை வாசற்படி ஏறினபிறகுதான் நீ மேடமானாய்.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு அவள் கூப்பிட்டது என்னை இல்லை. நான் மலையில் இருந்தேன், எனக்குக் கேட்டிருக்காது. நீ கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாய். உனக்குக் கேட்டதா?

இரண்டு பேருக்கும் அக்கா


வெதுருகுப்பம்
30-12-2024

கல்பனாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். உயிரோடுதான் இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

போன வாரம் சென்னம்மா எனக்கு நேராக வந்து நின்றாள். காலனியே வெளியே வந்து பார்த்தது.

"ஏம்மே, உன் பொண்ணு செத்ததுக்கு நாங்க எத்தினி நாளு வாயக் கட்டிக்கினு கெடக்கறது? ஜாடி ஜாடியா ஊறுது, நாங்க கஞ்சித் தண்ணி குடிக்கறோம். சூளை மேஸ்திரி நேத்து வந்துட்டுப் போறான், தெரியுமா உனக்கு? எங்க வூட்டுக்காரன் அவங்கூட உக்காந்து பீடி புடிச்சிக்கினு பேசறான்!"

"போவட்டும்னு வுட்டுட்டியா?"

"நான் வுடல. நீதான் வுட்டுட்ட. தங்கச்சி மேல கோவம்னா தங்கச்சியப் போய் அடி. எங்க வயித்துல ஏன் அடிக்கற?"

அவள் சொன்னது சரி. மறுநாள் அவளையே கூப்பிட்டு, நன்னாரி சர்பத் டிரம் ஒன்று, ஊறுகாய் ஜாடி, எலுமிச்சம்பழக் கூடை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு திருமலை அடிவாரத்தில் அலிபிரி போகிற ரோட்டில் இறங்கிவிட்டோம். ஒரு மேசை, ஒரு குடை. மார்கழியில் சர்பத் எவன் குடிப்பான் என்று சென்னம்மா கேட்டாள். மலை ஏறி இறங்கினவனுக்கு மார்கழி ஏது? சாயங்காலத்துக்குள் டிரம் காலி.

போர்டு எழுதி வைத்தேன். தமிழிலும் தெலுங்கிலும். "இருளர் பெண்கள் செய்த மாகாளி ஊறுகாய், நன்னாரி சர்பத்". படம் எதுவும் போடவில்லை. ஐதராபாத்துக்காரர் ஒருத்தர் பேண்டை மடித்துக்கொண்டு வந்து போர்டைப் படித்துவிட்டு, "இருளர்னா எந்த ஊர் கம்பெனிம்மா? புது பிராண்டா?" என்றார். "ரொம்பப் பழைய கம்பெனி சார், மலைக்கு முன்னாலயே இருக்கு" என்று சென்னம்மா சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

போர்டைப் படித்துவிட்டு டம்ளரைத் தொடாமல் போனவர்களும் உண்டு. ஒருத்தி பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக் கீழே ஊற்றினாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றினேன். நான் செத்துப்போய்விடவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், உன்னிடம் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வைஜயந்தி அம்மாவின் முன்னால்தானே என் மகளைக் கடைப் பொண்ணு என்று சொன்னாய். அதே அம்மாவிடம் போய், அதே வாயால், அவள் என் அக்கா மகள் என்று சொல். சொல்லிவிட்டு எழுது. அது வரைக்கும் நீ என் வாசலுக்கு வராதே.

கன்னிகா


திருப்பதி
20-1-2025

அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீ பொங்கல் வைத்திருக்க மாட்டாய். நானும் வைக்கவில்லை. நலம் எழுதுகிற கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம்.

நீ மட்டும்தான் கோபப்பட முடியுமா? நானும் எழுதுகிறேன், படி.

நீ மலையில் கிழங்கு தோண்டினாய். சென்னம்மா சீவினாள். அதை விற்றது யார்? முதல் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், நான் பையில் பாட்டில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். அப்போது லேபிளில் நம் பேர்தான் இருந்தது. ஒரு வீட்டில் ஒரு அம்மா திறந்து முகர்ந்து பார்த்து, ஆகா என்றாள். "யாரும்மா பண்றா?" என்று கேட்டாள். எங்க அக்கா, நாங்க இருளர் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை அக்கா. சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டாள். தெருக்கோடி போய்த் திரும்பிப் பார்க்கிறேன், பாட்டில் மதில் மேல் இருக்கிறது. குப்பை எடுக்கிறவனுக்காக வைத்திருக்கிறாள். இது போல எத்தனை மதில் என்று உனக்குத் தெரியுமா? நான் உன்னிடம் சொன்னேனா? எல்லாம் வித்துப்போச்சு அக்கா என்றுதான் சொன்னேன். பிறகு ஒருநாள் அந்த மடிசார் அம்மாவைப் படமாகப் போட்டேன். அதற்கப்புறம் எந்த மதில் மேலும் பாட்டில் இல்லை. பதினோரு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பொம்மையால்தான். உன் போர்டை வைத்துக்கொண்டு நீ ரோட்டில் சர்பத் விற்கலாம். வந்தவன் யாரோ, போனவன் யாரோ. எனக்கு அதே தெருவில் மறுநாளும் கதவைத் தட்ட வேண்டும்.

உதயா மேடம் என்று கூப்பிட்டது கடைக்குள் மட்டும்தான். வீட்டில் அம்மாதான். கதவைச் சாத்தினதும் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் மாமி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். நர்ஸ் கேட்டாள். வாய் பழகிப்போயிருந்தது. இரண்டு வருஷமாய் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். நான் யோசிக்கவில்லை, அதுவே வந்துவிட்டது. சொன்னபிறகு எப்படி மாற்றுவது? இல்லை, பொய் சொன்னேன், நான் அவளுக்கு அம்மா என்று அந்த இடத்தில் எப்படி மாற்றுவது? நீ மத்தியானத்துக்குள் வந்துவிடுவாய், உன்னை உள்ளே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். காய்ச்சல்தானே, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நினைத்தேன்.

கேட்டதா என்று கேட்டாய்.

கேட்டது.

கல்பனா


வெதுருகுப்பம்
27-1-2025

கல்பனா,

படித்தேன். சென்னம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். மதில் மேல் பாட்டில் வைத்த கதைக்கு அவள் கெட்ட வார்த்தையில் திட்டினாள், இங்கே எழுத முடியாது. அன்றைக்கே நீ சொல்லியிருந்தால் நானும் உன்னோடு வந்து அந்த வாசலில் நின்று திட்டியிருப்பேன். நீ தனியாகச் சுமந்தது எனக்குத் தெரியாது. அதற்காக என் வயிறு எரிகிறது.

ஆனால் ஒன்று. அந்த அம்மா பாட்டிலை மதில் மேல் வைத்தாள். நீ என் மகளை வைத்தாய்.

கேட்டது என்று எழுதிவிட்டாய். இனி நான் கேட்க எதுவும் இல்லை. போன கடிதத்தில் சொன்ன வேலையை முடித்துவிட்டு எழுது.

மேஸ்திரியைச் சென்னம்மா துடைப்பத்தோடு அனுப்பிவிட்டாள். அவள் வீட்டுக்காரன் இப்போது எங்களோடு எலுமிச்சம்பழம் பிழிகிறான். பாதியை அவனே குடித்துவிடுகிறான் என்பது அவள் புகார்.

கன்னிகா


திருப்பதி
24-2-2025

அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் ஏறுகிறது, ரோட்டில் உட்காரும்போது தலையில் துணி போட்டுக்கொள்.

ஒரு மாதம் நான் போகவில்லை. மாமி வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நேற்று மாமியே கடைக்கு வந்தார். காலி அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்னடீ, கடையா இல்ல காலி மடமா இது?" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமி, உதயா எங்க கடைப் பொண்ணு இல்ல. என் அக்கா பொண்ணு. நான் அவளுக்குச் சின்னம்மா. நாங்க இருளருங்க" என்றேன். கல்லாவைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியுமே" என்றார்.

"எப்பலேர்ந்து மாமி?"

"மொதல்லேர்ந்தே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மேடம் மேடம்னு அது கூப்டறச்சே எனக்கே சிரிப்பு வரும். அதுவும் தவிர, மாகாளியை வேற யாரு தோண்டுவா? எங்காத்துக்காரரா கடப்பாரையைத் தூக்கிண்டு மலை ஏறுவார்?"

"அப்போ ஆஸ்பத்திரில நான் சொன்னப்போ..."

"நீ சொன்னே, நான் கேட்டுண்டேன். உன் மானத்தை நாலு பேர் எதிர்ல நான் ஏன் வாங்கணும்னு வாயை மூடிண்டு நின்னேன்."

அக்கா, எங்களுக்கு நடுவில் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. மாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உள்ளே ஓடியிருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமி என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை காட்டிக்கொண்டு வெளியே நின்றோம். உள்ளே உதயா போய்விட்டாள்.

"அப்ப லேபிள மாத்திடறேன் மாமி, எங்க பேரையே போட்டுடறேன்" என்றேன். மாமிக்கு உடனே முகம் மாறியது. "அதெல்லாம் எதுக்குடீ? தெரிஞ்சுண்டு வாங்கறது வேற, சொல்லிண்டு வாங்கறது வேற. பெங்களூர்க்காராளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. உதயாவின் படத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தார், அதைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் யாருக்குப் பயந்தேனோ அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதற்காக அவளைக் கடைப் பொண்ணு என்று சொன்னேன் என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். நீ சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். செய்தும் ஒன்றும் ஆகவில்லை. இனி என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன் கல்பனா


வெதுருகுப்பம்
2-3-2025

கல்பனாவுக்கு,

நான் நலம். தலையில் துணி போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். நீ சோறு துன்னு. கடையை அடைத்து வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் யாருக்கு லாபம்?

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உன் மேல் இருந்த கோபம் குறையவில்லை. கூட ஒரு ஆள் சேர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றாளாம், உன் மானத்துக்காக. என் மகள் உயிர் உங்கள் இரண்டு பேர் மானத்துக்கு நடுவில் போயிருக்கிறது. பூ வைத்தாளாம். எடுத்துப் போடு.

கடையைத் திற. அந்தக் கோதை அம்மாவைக் கிழி. கிழங்கு அனுப்புகிறேன், ஆனால் பாட்டிலில் எங்கள் பேர் இருக்க வேண்டும், போர்டில் இருக்கிற மாதிரியே. வேண்டுமென்கிறவர்கள் சொல்லிக்கொண்டே வாங்கட்டும். வாயில் வைக்க ருசி வேண்டும், வாயால் சொல்லக் கூசுகிறது என்றால் அவர்களுக்கு நாங்கள் விற்கவில்லை. வியாபாரம் படுத்தால் படுக்கட்டும், அலிபிரி ரோடு இருக்கிறது. நீயும் வந்து டம்ளர் கழுவு.

இது கடை விஷயம். இன்னொன்று வீட்டு விஷயம்.

மாசி பௌர்ணமிக்குக் காலனி முழுக்க மாமல்லபுரம் போகிறோம், எப்போதும் போல. மணலில் நம் குலதெய்வம் கன்னியம்மாவுக்குப் படைத்துவிட்டு, கல்யாணமாகாமல் போன பொண்ணு இருக்கிற வீட்டார் விடிகாலையில் கடலைப் பார்த்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மா கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் அவள் வந்து கன்னிமாரோடு சேருவாள், இல்லாவிட்டால் வாசல் தெரியாமல் அலைவாள். பெரியவர்கள் என்னிடம் வந்து, நீதான் கூப்பிடணும் என்றார்கள். நான் கூப்பிட்டால் அவள் "என்னக்கா?" என்றுதான் திரும்புவாள். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

நீ வா. வேனில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சென்னம்மா உன்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள். மணலில் நம் ஜனம் அத்தனை பேர் இருப்பார்கள், வேடிக்கை பார்க்க வருகிற டூரிஸ்டு ஜனமும் இருக்கும், கேமரா வைத்திருப்பார்கள். யார் நின்றால் என்ன? தண்ணீரில் இறங்கி நின்று, உதயா, அம்மா வந்துட்டேன்டி என்று கத்து. அலைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது என்னால் இந்த வருஷம் முடியாது. எந்த வருஷம் முடியும் என்றும் எனக்குத் தெரியாது.

அவள் கூப்பிட்டாள். நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் வரச் சொல்கிறேன்.

கன்னிகா